கத்திரிக்காய் ஆறுவதற்குள்

அக்டோபர் 3

இஸ்தான்புல் வந்து சேர்ந்தாயிற்று. தென்காசி ஸ்டேஷன் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் உலகத்தையெல்லாம் ரயிலேற்றி அனுப்பியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, இப்போதுதான் முதன்முதலாக விமானத்தில் ஏறியிருக்கிறேன். ஜன்னலோர சீட். பக்கத்தில் இருந்தவர் ஏறியதும் தூங்கிவிட்டார். கீழே மேகம் போய்க்கொண்டிருக்கும்போது மனிதர்களுக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ. நான் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

வடிவு வாசலில் நின்றாள். மெலிந்திருக்கிறாள். கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஒம்மேல முறுக்கு வாசம் அடிக்கும்மா" என்றாள். அடிக்காமல் என்ன செய்யும், பெட்டியில் பாதி முறுக்குதான்.

இந்த ஊரின் நடுவே கடல் ஓடுகிறது. இந்தக் கரை ஆசியா, அந்தக் கரை ஐரோப்பா. வடிவின் வீடு காடிகோய் என்கிற பகுதியில், ஆசியாப் பக்கம். பால்கனியில் எக்கிப் பார்த்தால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரிகிறது. வந்ததிலிருந்து நாலைந்து தடவை எக்கிவிட்டேன்.

வந்த காரியத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர் சுற்றவே வந்த மாதிரி ஆகிவிடும். நிலநடுக்கம் வந்தால் பழைய கட்டடங்கள் தாங்குமா என்று பார்த்துச் சொல்கிற இன்ஜினியர் வேலை வடிவுக்கு. அதே அலுவலகத்தில் எம்ரே என்று ஒரு பையன். இந்த ஊர்க்காரன். பேச்சு வேறு, சாமி வேறு, சாப்பாடு வேறு. "நீங்க வந்து பாருங்க. வேண்டாம்னா வேண்டாம், நான் கட்டிக்கிட மாட்டேன். ஆனா வேற மாப்பிள்ளை பாக்காதீங்க" என்று போனில் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டுக்காரருக்கு விமானம் ஏறப் பயம். அதனால் என்னை அனுப்பினார். அனுப்பும்போது சொன்னது ஒன்றுதான். "பையனப் பாரு, வீட்டப் பாரு. ஆனா கை நனைக்காம வந்துரு."

எங்கள் பக்கம் அப்படித்தான். சம்பந்தம் பேசுகிற வீட்டில் பிடித்தால்தான் கை நனைப்போம். ஒரு வாய் காபி குடித்தாலும் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் அத்தை ஒருத்தி கேசரியைப் பார்த்ததும் புத்தி தடுமாறி ஒரு கரண்டி தின்றுவிட்டாள். பிறகு அந்த வீட்டுக்கே பெண்ணைக் கொடுக்க வேண்டியதாயிற்று. நான் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை.

அக்டோபர் 4

காலையிலேயே வேலை கொடுத்துவிட்டாள். "தெருமுனையில ஒரு போரெக் கடை இருக்கு. அங்கன போயி வாங்கிட்டு வாம்மா. வேற கடைக்குப் போயிராத."

போரெக் என்பது மெல்லிய மாவுத் தாள்களை அடுக்கி, நடுவே கீரையோ சீஸோ வைத்துச் சுட்டது. கடையில் ஒரு பெண்தான் எல்லாம். என்னைவிட நாலைந்து வயது சின்னவள் இருப்பாள். தலைத்துணியைப் பின்னால் முடிந்திருக்கிறாள், முழங்கை வரை மாவு. நான் வாயைத் திறக்குமுன்பே ஓரமாக வைத்திருந்த ஒரு தட்டை எடுத்து நீட்டினாள். முட்டை தடவாதது என்று கையைக் காட்டி விளக்கினாள். நாங்கள் சைவம் என்று வடிவு சொல்லி வைத்திருக்கிறாள் போல. ஸ்டூலை இழுத்துப் போட்டு, இடுப்பு சிறுத்த கண்ணாடி டம்ளரில் பால் இல்லாத டீயும் கொடுத்தாள். பேர் நெர்மின். என்னை அப்லா என்கிறாள். அக்கா என்று அர்த்தமாம். கீரை போரெக் நாக்கில் வைத்ததும் நொறுங்குகிறது. நின்ற இடத்திலேயே ஒன்று, வீட்டுக்கு இரண்டு.

பிறகு போனுக்கு சிம் வாங்கினேன். படகு, டிராம், ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை, அதையும் வாங்கினேன். தட்டினால் கதவு திறக்கிறது. சில்லறை கேட்டுச் சண்டை இல்லை. கவுண்டரில் நான் பட்ட பாட்டை நினைத்தேன்.

மாலையில் வடிவோடு போய்ப் படகுத்துறையில் அந்தப் பையனைப் பார்த்தேன். உயரம். காது இரண்டும் சின்ன முறம் மாதிரி. "வணக்கம், அம்மா" என்று தமிழில் சொன்னான், சொல்லிப் பழகியிருக்கிறான். கையில் எனக்கென்று டீ. வேண்டாம் என்று தலையாட்டினேன். வடிவின் முகம் சின்னதாகிவிட்டது. அவளுக்கு அர்த்தம் தெரியுமே. அவனுக்குத் தெரியாது.

அக்டோபர் 5

இன்றைக்குப் பார்த்ததை எழுத இந்த டைரி போதாது.

முதலில் படகு, வடிவும் எம்ரேயும் கூட. கடல்காகங்கள் கூடவே பறந்து வருகின்றன. எள் ஒட்டிய வளைய ரொட்டியைப் பிய்த்து எறிந்தால் காற்றிலேயே பிடிக்கின்றன. ஒன்று என் விரலையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. அக்கரையில் ஆயா சோபியா என்கிற பழைய பள்ளிவாசல். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம், ஆனால் அந்தக் கூரையைப் பார்த்த பிறகு சுளுக்கைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது. அப்புறம் பூமிக்கடியில் ஒரு பழைய நீர்த்தொட்டி. இருட்டில் வரிசை வரிசையாகத் தூண்கள், கீழே தண்ணீர். ஒரு தூணுக்கு அடியில் பெண் முகம் ஒன்றைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். யார் செய்த கோளாறோ தெரியவில்லை. நான் குனிந்து, தலையைக் கவிழ்த்து, அவளை நேராகப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வடிவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எம்ரே பக்கத்தில் வந்து அவனும் தலையைக் கவிழ்த்துப் பார்த்தான்.

தெருவெல்லாம் பூனை. பள்ளிவாசல் படியில் பூனை, கடைத் தராசில் பூனை. யாரும் விரட்டுவதில்லை.

எங்கே உட்கார்ந்தாலும் டீ. கம்பளக் கடைக்காரர் கொடுத்ததைக் குடித்தேன். மருந்துக் கடையில் சுளுக்குக்குத் தைலம் வாங்கப் போன இடத்தில் கொடுத்ததையும் குடித்தேன். எம்ரே வாங்கிக் கொடுத்ததை மட்டும் தொடவில்லை. வயிறு சரியில்லை, சூடு, தூக்கம் வராது என்று வேளைக்கொரு காரணம் சொன்னேன். ஒரு விஷயம் கவனித்தேன். நான் வேண்டாம் என்றதும் அவனும் தன் டம்ளரைத் தள்ளி வைத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்ததும் வடிவைக் கேட்டேன்.

"அவன் ஏன் குடிக்க மாட்டேங்கான்?"

"நீ குடிக்காம அவன் எப்படிக் குடிப்பான்? பெரியவங்க குடிக்காம உக்காந்திருக்கையில தான் மட்டும் குடிக்கக் கூடாதாம்."

இந்த ஊர்க்காரர்களுக்கு டீ இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று பார்த்தாலே தெரிகிறது. வெடித்தால் வெடிக்கட்டும். எனக்கென்ன.

அக்டோபர் 6

மழை. துணி காயவில்லை. நெர்மினுக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்டோபர் 8

இன்றைக்கு நான் கடலுக்கு அடியில் ரயிலில் போனேன். தனியாக.

வடிவு வேலைக்குப் போனதும் செவ்வாய்ச் சந்தைக்குக் கிளம்பினேன். கத்திரிக்காய் மலை மாதிரி குவித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் குழந்தையின் கை நீளம். வியாபாரிகள் பாட்டுப் போலக் கூவுகிறார்கள். நான் கையைக் காட்டி, அவன் கையைக் காட்டி, விலை குறைந்தது. பேரம் பேச மொழி எதற்கு. கொத்தமல்லிக்குப் பதில் வேறு ஏதோ தழையை வாங்கிவிட்டேன், அது தனிக்கதை.

காயை வீட்டில் போட்டுவிட்டு ரயிலுக்குப் போனேன். கடலுக்கு அடியில் போகிற ரயில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எந்த ரயில்வேக்காரி வீட்டில் உட்கார்ந்திருப்பாள். நல்ல கூட்டம். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் கடல் இருக்கிறது, மீன் இருக்கிறது, கப்பல் போகிறது, ஒருத்தருக்கும் கவலை இல்லை. நான் மட்டும் பெட்டியின் சுவரில் கை வைத்துக்கொண்டே நின்றேன். எதிரே இருந்த பெரியவர் பயப்படுகிறேன் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார். பயமில்லை ஐயா, சந்தோஷம்.

சிர்கெஜி என்ற பழைய ஸ்டேஷனில் இறங்கி, படியேறி வெளியே வந்தேன். வண்ணக் கண்ணாடி ஜன்னல், செங்கல் சுவர். பழைய டிக்கெட் ஜன்னல் ஒன்றின் முன்னால் நின்று, உள்ளே நான் உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

திரும்பும்போது எதிர்த்திசை ரயிலில் ஏறிவிட்டேன். யாரிடமும் இதைச் சொல்லப் போவதில்லை. போனில் சார்ஜ் இல்லை. கடைசியில் ஒருவழியாகக் காடிகோய்க்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. தெருமுனையில் நெர்மின் கடைக்கு வெளியே நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தாள். திட்டினாள் என்றுதான் நினைக்கிறேன். திட்டுக்கு எந்த மொழியிலும் ஒரே முகம்தான். அப்புறம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தாள். கூடப் பிறந்தவள் மாதிரி திட்டினாள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 9

நெர்மினின் கடையில் அடுப்புக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. இத்தனை நாள் நீராவியில் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பையன். முன்பல் இரண்டு இல்லை. காதுகள் சின்ன முறம் மாதிரி.

அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்றைக்குச் சீஸ் போரெக் ஒன்றும் கீரை போரெக் ஒன்றும் சாப்பிட்டேன். கடையில் சாப்பிடுவது வேறு, வீட்டில் சாப்பிடுவது வேறு. கை நனைப்பது பற்றிய விதியில் கடையைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. ஸ்டேஷனில் இருந்தவரை டிக்கெட் மிஷினுக்கு நான்தான் பொட்டு வைப்பேன். பழக்கம் விடுமா. பெட்டியிலிருந்து சந்தனம் குங்குமம் எடுத்து வடிவின் லேப்டாப்புக்கு வைத்தேன், குக்கருக்கு வைத்தேன். வேலை நடக்கிற கட்டடங்களுக்குப் போகும்போது போட்டுக்கொள்கிற மஞ்சள் ஹெல்மெட் மேஜையில் இருந்தது, அதற்கும் வைத்தேன். பக்கத்தில் இன்னொரு ஹெல்மெட் இருந்தது. கொஞ்சம் பெரிய அளவு. கைப்பழக்கத்தில் அதற்கும் வைத்துவிட்டேன்.

பிறகு நெர்மின் கடைக்குப் போய் அடுப்புக்குப் பொட்டு வைத்தேன். என்ன ஏது என்று கேட்கவில்லை அவள். தன் உருட்டுக் கட்டையைத் துடைத்து எடுத்து வந்து நீட்டினாள். அதற்கும் ஒன்று. வாடிக்கையாளர் ஒருவர் தன் கைத்தடியை நீட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அக்டோபர் 12

வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார்.

"கை நனைக்கலேல்லா?"

"அவன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்கல."

சொன்னது பொய்யில்லை.

"நாளைக்கு அவங்க வீட்டுல சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்களாமே. போயிப் பாத்துட்டு, நாசூக்கா எந்திரிச்சு வந்துரு. மீன் கொழம்பு வைக்க சட்டியிலதான் எல்லாம் வப்பாங்க. அந்த அடுப்படியில நம்ம பிள்ள எப்படி இருப்பா? எங்க அண்ணாச்சியும் அதத்தான் கேட்டாவ."

அவர் கேட்டது நியாயம்தான். எனக்கும் அதுதான் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. பையன் நல்லவன், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வேளாவேளைக்கு ஒரு சட்டிக்கு முன்னால் நிற்கப்போகிறவள் என் மகள். வடிவிடம் சொல்லிவிட்டேன்.

"நாளைக்குத் தண்ணி மட்டுந்தான்."

அவள் எனக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்த பட்டுப்புடவையை எடுத்து, மடிப்பே இல்லாத இடத்தில் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 13

மத்தியானம் போனோம். போரெக் கடைக்கு நேர் மேலே மூன்றாவது மாடி. படியேறும்போது வடிவு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கதவத் தெறந்ததும் நீ கோவப்படக் கூடாது."

"நெர்மின் பிள்ளதான அவன். அந்தக் காதப் பாத்தா தெரியாதா? படத்தப் பாத்த அன்னைக்கே தெரியும்."

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். "தெரிஞ்சுமா தெனம் போன?"

"போரெக் நல்லாருந்துச்சு."

"பையனோட அம்மான்னு சொன்னா நீ அந்தப் பக்கமே போயிருக்க மாட்ட. சும்மா ரெண்டு மனுஷங்களாப் பழகட்டும்னு நெனச்சேன்மா" என்றாள். என் மகள் என்னையே ஏமாற்றியிருக்கிறாள். கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தவள் நெர்மின்தான். மாவு இல்லாத கையோடு அவளைப் பார்க்க யாரோ போலிருந்தது. இங்கே விருந்தாளி வந்தால் கொலோன் என்கிற எலுமிச்சை வாசனைத் தண்ணீரைக் கையில் ஊற்றுகிறார்கள். என் கையிலும் ஊற்றினாள். எம்ரேயின் அப்பா எழுந்து நின்று தலை வணங்கினார். காது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

உட்காரச் சொன்னார்கள். என்னால் உட்கார முடியவில்லை. உதவி செய்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன். பார்க்கத்தானே அனுப்பியிருக்கிறார், பார்த்துவிடுவோம் என்று.

அடுப்பில் ஒரு பெரிய சட்டி. முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. மூடியின் பிடியில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி உரிந்தும் உரியாமலும் இருந்தது. பக்கத்தில் கரண்டி, கத்தி, காய் வெட்டுகிற பலகை, எல்லாம் புதுசு. பலகையில் கத்திரிக்காய்க் கறை தவிர வேறு ஒரு கீறல் இல்லை.

"பழைய சட்டியெல்லாம் எங்கட்டி?" பின்னாலேயே வந்த வடிவைக் கேட்டேன்.

வடிவு பால்கனிக் கதவைக் காட்டினாள். வெளியே, தூசி படாமல் துண்டு போட்டு மூடி, ஒரு குடும்பத்தின் அத்தனை பாத்திரமும் அடுக்கியிருந்தது.

"நீ வாங்கச் சொன்னியா?"

"நாம சைவம்னு மட்டுந்தாம்மா சொன்னேன். சட்டி அவங்களா யோசிச்சது. எனக்கே இப்பதான் தெரியும்."

என் வீட்டுக்கு இப்படி ஒருத்தி வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். பதில் உடனே வந்தது, அதுதான் சுட்டது.

மேஜையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவரைக்காய், பருப்பு சூப், தயிர், சோறு. நடுவே எண்ணெயில் வதக்கி, வயிற்றைக் கீறி, தக்காளியும் வெங்காயமும் அடைத்த கத்திரிக்காய். ஆவி பறந்தது. எம்ரே என் டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். யாரும் கரண்டியைத் தொடவில்லை. நெர்மின் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டோரம் குவித்தாள்.

நான் போனை எடுத்து அவரை வீடியோவில் கூப்பிட்டேன்.

"ஏங்க, இவங்க வீட்டுல இருக்கேன். சாப்பாடு வச்சிருக்காங்க."

"சரி. தண்ணியக் குடிச்சிட்டுக் கெளம்பு."

"இங்க பாருங்க." போனோடு அடுப்படிக்குப் போனேன்.

"எதுக்கு சட்டியக் காட்டுத?"

"புதுச் சட்டி. ஸ்டிக்கர் தெரியுதா? எனக்காக வாங்கினது. மீன் கொழம்பு வைக்க சட்டியெல்லாம் இந்தா, பால்கனியில கெடக்கு."

போனில் எங்கள் வீட்டு ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"நம்ம வீட்டுக்கு ஒருத்தி வந்திருந்தா நான் சட்டி மாத்தியிருப்பனான்னு யோசிச்சேன். மாத்தியிருக்க மாட்டேன். நீங்களும் மாத்தச் சொல்லியிருக்க மாட்டீங்க. நான் சாப்பிடப் போறேன். ஒங்களுக்குத் தெரியாமச் சாப்பிட மனசு வரல. அதான் கூப்பிட்டேன்."

மறுபடியும் ஃபேன் சத்தம். மேஜைக்குத் திரும்பி வந்து, போனை ரொட்டிக் கூடையில் சாய்த்து வைத்தேன். வடிவு முகம் அதில் தெரிந்திருக்கும். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள், மூக்கு சிவந்துவிட்டது.

"ஏட்டி," என்றார் அவர். "ஏன் இப்படி மெலிஞ்சு போயிருக்க?"

"இல்லப்பா."

"என்ன இல்ல. ஆளு பாதியா இருக்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "அந்தத் தட்டுல நடுவுல இருக்கது என்ன கறி?"

"கத்திரிக்காய்ப்பா."

"ஆறிரப் போவுது. ஒங்கம்மையச் சாப்பிடச் சொல்லு."

போனை வைத்துவிட்டார்.

மேஜையில் மற்ற யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. வடிவு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்து எம்ரே எழுந்துவிட்டான், கெட்ட செய்தி என்று நினைத்திருப்பான். நான் அவனை உட்காரச் சொல்லிவிட்டுக் கத்திரிக்காயை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே சாப்பிட்டேன். உப்பு ஒரு கல் கம்மி, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நெர்மின் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அவளும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே ஆரம்பித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் எம்ரே டீ கொண்டுவந்தான். முதல் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான், இதுவும் திரும்பி வரும் என்ற பழக்கத்தில். தன் டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். நான் இரண்டு கட்டி சர்க்கரை போட்டுக் கலக்கி, ஒரு வாய் குடித்தேன்.

அதற்குப் பிறகுதான் அவன் தன் டீயை எடுத்தான்.